ஆபரேட்டருக்கு மட்டும் கேட்ட சத்தம்

எனக்குக் காது சரியாகக் கேட்காது. நான் எழுதப்போவது ஒரு சத்தத்தைப் பற்றி என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தத்தை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆனாலும் அது இருந்தது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

பம்பாயில் ஒரு துணி மில்லில், தறி ஓடும் கூடத்தில் பதினொரு வருஷம் நின்றவன் நான். அங்கே பக்கத்தில் நிற்கிற ஆள் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். கூடத்தின் அந்தக் கடைசியில் நிற்கிறவன் மேஸ்திரியைத் திட்டுவதை இந்தக் கடைசியில் நின்றுகொண்டு படித்துச் சிரித்திருக்கிறோம். மில் மூடிய பிறகு தாராவியில் ஒரு பெல்ட் பட்டறையில் தோல் வெட்டும் வேலைக்கு வந்தேன். போன காது போனதுதான். வாயைப் படிக்கிற பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

என் மூத்த மகள் பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் இரண்டு பரீட்சையும் தேறியிருந்தாள். மாட்டுங்காவில் மருந்து மொத்த வியாபார ஆபீஸ் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. எண்பதுகளின் கடைசி அது. எங்கள் ஜமாஅத்தில் பெண்பிள்ளையை ஆபீஸுக்கு அனுப்புகிற வழக்கம் அப்போது கிடையாது. தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளப் புள்ளைய ஆபீஸுக்கு அனுப்புதீரே, சரியா?" என்று கேட்டார்.

"தலையில முக்காடு இருக்கு. கையில தொழில் இருக்கு. இதுல எது தப்புன்னு சொல்லும், நிறுத்திருதேன்" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார்.

அவள் சேர்ந்த ஆறாவது மாதம் அந்த ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எந்த மருந்து எத்தனை பெட்டி இருக்கிறது, எது காலாவதி ஆகப்போகிறது என்று பட்டியல் போடுவதற்கு. மூத்த டைப்பிஸ்ட் அம்மாள் கண் கெட்டுவிடும் என்று சொல்லி அதைத் தொட மறுத்துவிட்டார். அதனால் என் மகளுக்குப் பழக்கினார்கள். ஏசி போட்ட சின்ன அறை. உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். முதல் நாள் வந்து சொன்னாள்: "பள்ளிவாசலுக்குள்ள போற மாதிரியே இருக்கு வாப்பா. செருப்பக் கழத்திட்டு, சத்தம் போடாம." கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வருமாம். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் விரல் தட்டின் ஓரத்தில் டைப் அடித்துக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் தலைவலி வந்தது. வீட்டுக்கு வந்தால் முக்காட்டுத் துணியை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பாள். கேட்டால், "மிஷின்லேருந்து ஒரு சத்தம் வருது வாப்பா. ரொம்ப மெலிசு. கொசு காதுகிட்ட வந்தா கேக்கும்லா, அதையும்விட மெலிசா, நிக்காம. பல்லுல ஊசி வச்சு அழுத்துத மாதிரி" என்பாள்.

என் மகள் தானாகவே அதை ஆராய்ந்தாள் என்பதை நான் பெருமையாகச் சொல்லுவேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஏசியை நிறுத்திப் பார்த்திருக்கிறாள், சத்தம் நிற்கவில்லை. டியூப்லைட்டை அணைத்தாள், நிற்கவில்லை. கரண்டைச் சீர்படுத்துகிற ஸ்டெபிலைசர் பெட்டி அவ்வப்போது 'டக்' என்று போடும். அது தனிச் சத்தம், அது எல்லோருக்கும் கேட்கும். மேஜைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் காற்றாடி ஓடும், அதுவும் வேறு. கடைசியாக டிவி மாதிரி இருக்கிற மானிட்டரை மட்டும் அணைத்தாள். காதிலிருந்து ஊசியைப் பிடுங்கின மாதிரி இருந்ததாம். மறுபடி போட்டாள், மறுபடி வந்தது. நாலு நாள் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் ஹெட் கிளார்க்கிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

ஹெட் கிளார்க் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர், பாலக்காட்டுப் பக்கம் பூர்வீகம். நல்லவர்தான், அதை மறைக்க மாட்டேன். அவர் வந்து காதை வைத்துப் பார்த்தார், கேட்கவில்லை. டெலிபோன் எடுக்கிற அம்மாளைக் கூப்பிட்டார், அவருக்கும் கேட்கவில்லை. மிஷின் விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினீயரை வரவழைத்தார். அவர் மராத்திக்காரர், நாற்பத்தைந்து வயசு இருக்கும், சொந்த ஸ்கூட்டரில் டூல் பையோடு வருகிறவர். அவர் மானிட்டரை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆபீஸில் மிஷினுக்கென்று ஒரு நோட்டு இருந்தது. இன்ஜினீயர் வந்து போகிற ஒவ்வொரு தடவையும் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அன்றைக்கு அவர் இங்கிலீஷில் எழுதியதை என் மகள் படித்துவிட்டு வந்து எனக்குத் தமிழில் சொன்னாள். "மானிட்டரில் குறை எதுவும் இல்லை. சத்தம் ஆபரேட்டருக்கு மட்டும் கேட்கிறது."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன்.

அடுத்து நடந்தது என் தப்பு. அதைக் குறைத்து எழுதுவதற்கு எனக்கு விருப்பமில்லை. என் மனைவி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து மகளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். நான் ஒரு தாயத்து வாங்கி வந்தேன். சுண்டுவிரல் அளவு தகரக் குழாய், உள்ளே ஓதி எழுதிய காகிதம், இரண்டு பக்கமும் மெழுகு வைத்து அடைத்தது. கையில் கட்டிக்கொள் என்று கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல வாப்பா. கோளாறு மிஷினுக்குத்தான்."

"அப்ப மிஷினுக்கே கட்டு" என்றேன்.

பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். மீதிப் பாதி நம்பிக்கை. கடையின் கல்லாப்பெட்டிக்கும் டாக்ஸியின் கண்ணாடிக்கும் தாயத்துக் கட்டுகிற ஊர் இது. மிஷினுக்குக் கட்டினால் என்ன? வாப்பா சொன்னதை அவள் தட்டவில்லை. மறுநாள் மானிட்டரின் முதுகுப் பக்கம் காற்றுப் போவதற்கு இருக்கும் பிளாஸ்டிக் கம்பிகளில் ஒன்றில் கறுப்பு நூலால் கட்டித் தொங்கவிட்டாள்.

இரண்டு நாளில் ஆபீஸ் முழுக்க ஒரு சத்தம். 'டர்ர்ர்' என்று, தகரப் பெட்டிக்குள் தேனீ மாட்டிக்கொண்ட மாதிரி. ஹெட் கிளார்க்குக்குக் கேட்டது, டெலிபோன் அம்மாளுக்குக் கேட்டது, வாசலில் பெட்டி அடுக்குகிற ஆளுக்கும் கேட்டது. என் மகள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். "எல்லாருக்கும் கேக்குது வாப்பா! நாளைக்கு இன்ஜினீயர் வாறாரு." தான் சொன்ன சத்தம்தான் இப்போது பெரிசாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்து, அன்றைக்கு இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதேன்.

இன்ஜினீயர் வந்து மானிட்டரைத் திருப்பினார். உள்ளே இருக்கும் மின்காந்தம் தகரத்தை இழுத்து இழுத்து விட, தாயத்து அந்தப் பிளாஸ்டிக் கம்பியில் மோதி ஆடிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் எழுத்துகூட நெளிந்ததாம். அவர் ஸ்க்ரூ டிரைவரால் நூலை அறுத்தார், சத்தம் நின்றது. முதலில் சிரித்திருக்கிறார்கள், பிறகு சிரிப்பு நின்று போயிருக்கிறது. மிஷினுக்குச் செய்வினை வைத்துவிட்டாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் இரண்டாவது வரி ஏறியது: "ஆபரேட்டர் மானிட்டரில் ஏதோ கட்டியிருந்தார். சத்தத்துக்குக் காரணம் அதுதான்."

ஹெட் கிளார்க் தாயத்தை ஒரு கவரில் போட்டுத் தன் மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். என் மகளைக் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள், கொஞ்ச நாள் வீட்டில் இரு, அதுவரை வேறு ஆள் ஏற்பாடு பண்ணுகிறோம் என்றார். அந்த மாதிரிக் கொஞ்ச நாளுக்கு முடிவே வராது என்று மூடிய மில்லின் வாசலில் நின்றவனுக்குத் தெரியாதா?

அது ஆபீஸோடு நிற்கவில்லை. பெட்டி அடுக்குகிற அந்த ஆள் சீத்தா கேம்ப் என்கிற குடியிருப்பில் இருக்கிறவர். என் மகளுக்கு அங்கே ஒரு மாப்பிள்ளை பேசிவைத்திருந்தோம். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் பெரியம்மா தலையில் மழைக்கு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். டீ குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதிய. புள்ளைக்குக் காதுல யாரோ பேசுதாங்களாமே?"

யாரும் பேசவில்லை, மிஷின் கத்துகிறது என்றேன். அப்படியென்றால் மற்றவர்களுக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். தர்காவில் நாற்பது நாள் தங்கவைத்துப் பார்த்தால் எது பிடித்திருந்தாலும் விட்டுவிடும், அதற்கப்புறம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் தர்காவுக்குப் போகிறவன்தான். அங்கே அடங்கியிருக்கிறவர்களுக்காக ஓதுவேன், துஆ கேட்பேன். ஆனால் புத்தி தெளிவாக இருக்கிற பிள்ளையைப் பைத்தியங்களோடு உட்கார வைப்பதற்கு அது இடமில்லை. "நாப்பது நாள் இல்ல, நாலு நிமிஷம்கூட அனுப்ப மாட்டேன். அவளுக்கு எதும் பிடிக்கல. பிடிச்சிருக்குறது உங்களுக்குத்தான், பயம்" என்றேன். என் மனைவி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார்.

அவர் போனபிறகு மகள் கேட்டாள், "வாப்பா, நீங்களும் நம்பலயா?"

"ஏன் அப்படிக் கேக்க?"

"நம்பியிருந்தா தாயத்து வாங்கிட்டு வந்திருக்க மாட்டிய."

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுது முடித்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முந்தின வருஷம் நோன்புப் பிறை பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. வானத்தில் புகையும் மேகமும். ஜமாஅத் மொத்தமும் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தும் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு, தகரக் கூரையில் ஏறி நின்ற ஒரே ஒரு தையல்காரர் இறங்கி வந்து, பார்த்தேன் என்று சாட்சி சொன்னார். விசாரித்தார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கொம்பு எப்படித் திரும்பியிருந்தது என்று கேட்டார்கள். அவர் தடுமாறவில்லை. மறுநாள் தாராவியில் எங்கள் ஜமாஅத் முழுவதும் நோன்பு பிடித்தது. நாங்கள் நூறு பேர் பார்க்கவில்லையே, அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்க்காதவன் சொல்வதற்கு அங்கே என்ன இருக்கிறது?

என் மகளை யாரும் விசாரிக்கவே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லோரும் தங்கள் காதை வைத்துப் பார்த்தார்கள். அவள் காதைச் சோதிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொன்னேன். வாரத்தில் அந்த நாள் இன்ஜினீயர் சர்வீஸுக்கு வருகிற நாள் என்று மகள் சொல்லியிருந்தாள். பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டேன், தொப்பி வைத்தேன். அவளைக் கிளம்பச் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல வாப்பா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க வாய நான் படிச்சுக்கிடுதேன். நீ மிஷினக் கேளு."

தாராவி லேபர் கேம்ப் வழியாக நடந்து, ரயில் பாலம் ஏறி இறங்கி, மாட்டுங்கா போய்ச் சேர்ந்தோம். மழை விட்டிருந்தது.

ஹெட் கிளார்க் எழுந்து நின்று, "வாங்கோ பாய், உக்காருங்கோ" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். தண்ணீர் வரவழைத்தார். இன்ஜினீயர் உள்ளே இருக்கிறார் என்றார். நான் உட்கார்ந்ததும் அவர் டெலிபோன் அம்மாளின் மேஜைக்குப் போனார். எனக்குக் கேட்காது என்று என் மகள் சொல்லி அவருக்குத் தெரியும், அதனால் திரும்பிக்கூட நிற்கவில்லை. அவர் வாய் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நான் இடத்திலிருந்தே சொன்னேன்: "சார், நீங்க இப்ப அந்த அம்மாகிட்ட, 'பாவம், அப்பாவுக்குக் கேக்கவேண்டியது கேக்கலை, பொண்ணுக்குக் கேக்கக்கூடாதது கேக்கறது'ன்னு சொன்னிய."

ஆபீஸில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. என் மகள்தான் அதைப் பிறகு சொன்னாள். ஹெட் கிளார்க்கின் முகம் சிவந்தது. அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான் எழுந்து நின்றேன்.

"மன்னிப்பு வேண்டாம் சார். முதல்ல என் தப்பச் சொல்லிருதேன். அந்தத் தாயத்து என் மக கட்டல. நான் கட்டச் சொல்லிக் கட்டுனா. அந்த டர்ர்ங்குற சத்தம் என்னோடது. அவ சொன்னது வேற சத்தம், அது அதுக்கும் முந்தியே இருந்துச்சு. இப்பமும் இருக்கு. பிறை பாத்தேன்னு ஒரு ஆளு வந்து சொன்னா, எங்க பள்ளியில அந்த ஆள விசாரிப்பாங்க. பாக்காத ஆள விசாரிக்க மாட்டாங்க. என் மகள இன்னிக்கு விசாரிங்க. அவ தோத்தா நானே அந்த நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போயிருதேன்."

என்ன விசாரணை என்று கேட்டார். சொன்னேன். என் மகள் அறைக்கு வெளியே, கதவைத் திறந்து வைத்துவிட்டு, இந்தச் சுவரைப் பார்த்து நிற்பாள். இன்ஜினீயர் உள்ளே மானிட்டரைப் போடட்டும், அணைக்கட்டும், அவர் இஷ்டம். சத்தம் இருந்தால் இவள் கையைத் தூக்குவாள், இல்லையென்றால் இறக்குவாள். டெலிபோன் அம்மாள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்லட்டும்.

இன்ஜினீயருக்கு ஹெட் கிளார்க் ஹிந்தியில் விளக்கினார். அவர் சிரித்துவிட்டு, ஆகட்டும், பத்து நிமிஷம்தானே என்றார். எனக்குப் பதிலாக என் மகள் இப்போது பேசினாள். கம்ப்யூட்டர் பெட்டி ஓடட்டும், ஏசி ஓடட்டும், எதையும் நிறுத்த வேண்டாம், மானிட்டர் மட்டும் போதும் என்றாள், ஹிந்தியில், நிதானமாக. சுவரைப் பார்த்து நின்றாள். சுவரில் மருந்துக் கம்பெனி காலண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டார், கை உயர்ந்தது. அணைத்தார், இறங்கியது. போட்டார், உயர்ந்தது. அடுத்தது ரொம்ப நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தார், கை அசையவில்லை. நாலு, ஐந்து, ஆறு. டெலிபோன் அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஆறாவதுக்குப் பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டார்.

இன்ஜினீயர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஸ்விட்சின் 'க்ளிக்' கேட்டுத்தான் சொல்கிறாள் என்று ஹெட் கிளார்க்கிடம் சொன்னார். நான் வாயைப் பார்த்தேன். ஹிந்திதான், புரிந்தது. அவர் உள்ளே போய், சத்தமில்லாமல் மானிட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஸ்விட்சை மட்டும் போட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் சொல்லக்கூடாது. அல்லாஹ்வை நினைத்துக்கொண்டேன்.

கை உயரவில்லை. டெலிபோன் அம்மாள், "ஸ்விட்ச் போட்டாச்சு, கேக்கலையா?" என்று கேட்டார்.

"ஸ்விட்ச் சத்தம் கேட்டுது. அது வரல" என்றாள் என் மகள், திரும்பாமலே, எனக்கும் எட்டும்படி உரக்க.

இன்ஜினீயர் சிரிப்பதை நிறுத்தினார். பிளக்கைச் சொருகினார், கை உயர்ந்தது. இப்போது அவர் மானிட்டரை அணைக்கவே இல்லை. கீபோர்டில் ஏதோ தட்டினார், திரை முழுக்க எழுத்து நிறைந்தது. அவள் கை கொஞ்சம் தயங்கியது. "இருக்கு, ஆனா கனத்துப்போச்சு, கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள். எழுத்தை அழித்தார். "இப்ப பழைய மாதிரி மெலிசு." அந்த மனுஷர் வெளியே வந்து அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் தன் டூல் பையை எடுத்து, மானிட்டரின் முதுகுத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். மூடியைத் திறந்துவிட்டு, யாரும் கிட்டே வரக்கூடாது, அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கி அடிக்கும் என்றார். எல்லா டிவியிலும் இந்த மாதிரி மெல்லிய கீச்சு உண்டு, வயசு ஏற ஏற அது காதுக்கு எட்டாது, சின்ன வயசில் தனக்கும் கேட்டிருக்கும் என்று ஹெட் கிளார்க்கிடம் சொன்னார். இதில் அது அளவுக்கு மேலே இருக்கவேண்டும். என் மகளை வாசல்படியில் நிற்கவைத்து மானிட்டரைப் போட்டார். ஒரு காய்ந்த மரக்குச்சியால் உள்ளே ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தினார். அவருக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்கும். அவர் கை, அவள் காது.

"இது?"

"இல்ல. அப்படியே இருக்கு."

"இது?"

"இல்ல."

"இது?"

"நின்னுட்டு."

குச்சியை எடுத்தார். "வந்துட்டு" என்றாள். மறுபடி வைத்தார். "நின்னுட்டு." பெரிய மின்சாரம் உண்டாக்குகிற டிரான்ஸ்பார்மர் அது. அதன் நடுவே இருக்கிற கறுப்புக் கல்லு மாதிரியான துண்டு ஒட்டுவிட்டு, மயிரிழை அளவு அசைந்துகொண்டிருந்தது. மழை ஈரத்தில் பசை விட்டிருக்கும் என்றார்.

ஒட்டுவதற்கு வார்னிஷ் வேண்டும், கொண்டு வரவில்லை, நக பாலிஷ் இருந்தாலும் போதும் என்றார். என் மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நகத்தில் பாலிஷ் இருந்தால் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் படாது, தொழுகை கூடாது. அதனால் அந்தச் சாமானை வீட்டுக்குள் விட்டதில்லை நான். டெலிபோன் அம்மாள்தான் கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். நல்ல ரத்தச் சிவப்பு. இன்ஜினீயர் கரண்டை எடுத்து, உள்ளே தங்கியதையும் இறக்கிவிட்டு, அந்தக் கறுப்புத் துண்டின் ஓரத்தில் கல்யாணப் பெண்ணுக்குப் பூசுகிற மாதிரி நிதானமாகப் பூசினார். காய்வதற்கு அரை மணி நேரம் ஆகும் என்றார்.

லுஹர், அதாவது மதியத் தொழுகை நேரம் வந்திருந்தது. ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் இரண்டு அட்டையை விரித்துக் கொடுத்தார், நான் கேட்காமலே வாசல் பக்கக் கதவைச் சாத்தினார். அங்கே தொழுதேன். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் கொஞ்சம் அதிகமாகவே இருந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் அதன் எதிரில், முன்னால் கொஞ்சம் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இருக்கு வாப்பா, ஆனா எங்கயோ தூரத்துல. இதோட வேல செய்யலாம்" என்றாள். முழுக்கப் போய்விட்டது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஹெட் கிளார்க் நாளையிலிருந்து வந்துவிடு என்றார். என்னிடம் கைகூப்பினார். அவ்வளவுதான், கிளம்பலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் நோட்டைக் கேட்டேன்.

இன்ஜினீயர் எழுதினார். என் மகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். எனக்குக் கேட்கிற அளவுக்கு என்றேன், அதனால் ஆபீஸ் முழுவதுக்கும் கேட்டது. "ஆபரேட்டர் சொன்ன சத்தம் உண்மை. டிரான்ஸ்பார்மரின் உள்துண்டு தளர்ந்திருந்தது. ஆபரேட்டரின் உதவியால் கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது."

"பழைய வரிகள அடிங்க" என்றேன்.

நோட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது, ஆபீஸ் ரூல் என்றார் ஹெட் கிளார்க். முதல் வரிக்குப் பக்கத்தில் தேதி போட்டு, 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று இன்ஜினீயரே சொன்னார். போட்டார். இரண்டாவது வரிக்கும் அதையே போடப்போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அது தப்பில்ல. தாயத்து கட்டுனது நெசந்தான். ஆனா ஆபரேட்டர்னு எழுதியிருக்கிய. ஆபரேட்டரோட தகப்பன்னு மாத்துங்க."

ஹெட் கிளார்க், "போறும் பாய், விடுங்கோ" என்றார். நான் விடவில்லை. என் மகளின் பெயரில் ஏறிய என் தப்பு அந்த நோட்டில் இருக்கும்வரை நான் இறங்கிப் போக மாட்டேன் என்று படிக்கட்டுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஹெட் கிளார்க் பேனாவை எடுத்து, 'ஆபரேட்டர்' என்ற வார்த்தைக்கு மேலே தன் கையால் 'தகப்பனார்' என்று தமிழிலேயே எழுதினார். அந்த நோட்டு முழுவதிலும் நான் படிக்கக்கூடிய ஒரே வார்த்தை அது. டிராயரிலிருந்து தாயத்து இருந்த கவரையும் எடுத்துக் கொடுத்தார்.

சீத்தா கேம்ப் பெரியம்மா ஒரு வாரம் கழித்து வந்தார். விஷயம் அதே பெட்டி அடுக்குகிற ஆள் மூலமாகப் போயிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டதாமே, சந்தோஷம், தேதி வைத்துக்கொள்ளலாம், ஒரு தடவை மட்டும் தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கும் மனசு சமாதானமாகும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் மகள் வந்தாள். டீயை அவர் முன்னால் வைத்தாள்.

"மாமி, எனக்குச் சரியாகல. மிஷினுக்குத்தான் சரியாச்சு. எனக்குக் கேக்குறது இனியும் கேக்கத்தான் செய்யும். அது வேண்டாம்னா நீங்க வேற இடம் பாருங்க."

அவர் வேறு இடம் பார்த்தார். என் மனைவி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதற்கடுத்த வருஷம் கல்யாண் ஊரிலிருந்து வந்த வரன்தான் அமைந்தது. பெண் பார்க்க வந்த அன்றே என் மகள் இந்தக் கதை முழுவதையும் அவர்களிடம் தாயத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அது நல்ல சிரிப்பு, வாயைப் படித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், மறுபடியும் மழைக்காலத்தில், அந்தக் கீச்சு திரும்ப வந்தது. ஹெட் கிளார்க் காதை வைத்துப் பார்க்கவில்லை. டெலிபோன் அம்மாளையும் கூப்பிடவில்லை. நேரே இன்ஜினீயருக்கு போன் போட்டார். அவர் பையில் சொந்தமாக ஒரு சிவப்புக் குப்பியோடு வந்து, என் மகளை வாசல்படியில் நிற்கச் சொல்லிவிட்டுக் குச்சியை எடுத்தார். அன்றைக்கு நோட்டில் ஏறிய வரியை அவள் ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குச் சொன்னாள்.

"ஆபரேட்டருக்குக் கேட்டது. பார்த்தோம். இருந்தது."